இடது கம்பத்திலிருந்து பதிமூன்று அடி

“நீ நிக்கிற இடத்துலதான் நானும் நிக்கேன். பின்ன எனக்கு மட்டும் ஏன் உள்ள போவுது?”

காலைச் சாப்பாட்டுக்கு வந்த டெல்பின், தட்டை மேசையில் வைத்ததும் வைக்காததுமாக இப்படிக் கேட்டாள்.

கேட்டது தன் அணிக்காரியிடம் என்று நினைக்காதீர்கள். எதிரணிக் கோலியிடம், அதாவது கோல் காக்கிறவளிடம்.

அந்தக் கோலியின் பெயர் நிரோஜினி. வாயில் இருந்த ரொட்டியை அவள் நிதானமாக மென்று விழுங்கினாள்.

“இருங்கோ அக்கா,” என்றாள் பிறகு. “முதல்ல சாப்பிடுங்கோ.”

எந்த நாடு, எந்த வருசம் என்றெல்லாம் என்னைப் போட்டுக் குடையாதீர்கள். பெண்கள் கால்பந்து. ஒரு பெரிய கோப்பைக்கான தகுதிச் சுற்று. மலைநாட்டு ஊர் ஒன்றில் நான்கு நாட்டு அணிகள் கூடியிருந்தன. நான்கில் ஒன்றுதான் மேலே போகும். மற்ற மூன்றும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். மறுபடி வருவதற்கு நான்கு வருசம் ஆகும்.

நான்கு அணிக்கும் ஒரே ஓட்டல், ஒரே சாப்பாட்டுக் கூடம். மேசை விரிப்பின் நிறம்தான் அணிக்கு அணி வேறு. எதிரணி மேசையில் போய் உட்காரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் உட்கார்வதில்லை. டெல்பின் உட்கார்ந்துவிட்டாள்.

அவளும் கோலிதான். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. அணித் தலைவி. வயது முப்பத்திரண்டு. நிரோஜினி தீவு அணிக்காரி. அந்தத் தீவின் வடக்குப் பக்கம், கடலுக்கு அந்தக் கரை. வயது இருபத்தைந்து.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தாலும் பேசுகிற மொழி ஒன்றுதான். இரண்டு பேருக்குமே சொந்த அணியில் தமிழ் பேச ஆள் கிடையாது.

“சாப்பிட்டாச்சு,” என்றாள் டெல்பின், தட்டைத் தொடாமலே. “இப்பம் சொல்லு. ரெண்டு ஆட்டம் ஆடியாச்சு. எனக்கு மூணு கோல் உள்ள போயிருக்கு. ஒனக்கு ஒண்ணுகூட இல்ல.”

“ஓம்.”

“மூணும் என் வலது கைப் பக்கம். மூணும் விரல் நுனியத் தொட்டுட்டுத்தான் போச்சு. சவம், ஒரு விரல் நீளம் கூட இருந்திருந்தா பிடிச்சிருப்பேன்.”

“ஏன் என்னட்டக் கேக்கிறியள்? உங்களுக்குக் கோச் இல்லையோ?”

“கோச்சுகிட்ட நான் படிக்கலியே. ஒன்கிட்டல்லா படிச்சேன்.”

நிரோஜினி நிமிர்ந்து பார்த்தாள்.

“நாலு வருசமாக்கும் பிள்ளே! ஒன் ஆட்டத்து வீடியோ எத்தன உண்டோ அத்தனையும் என் போன்ல கெடக்கு. நீதான் எனக்கு ஆசான்.”

“ஐயோ அக்கா, நான் உங்களை விட ஏழு வயசு குறைய.”

“ஆசானுக்கு வயசு பாத்தா முடியுமா? நீ நல்லாப் பிடிக்க. நான் பாத்துப் படிச்சேன். அவ்வளவுதான்.”

இதைச் சொல்லும்போது டெல்பினுக்கு வெட்கமே வரவில்லை. அவள் சுபாவம் அப்படி. தெரியாததைக் கேட்டுவிடுவாள். தெரிந்ததை மறைக்க மாட்டாள். ஒன்றே ஒன்றைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

“என்னத்தைப் படிச்சனீங்கள்?” என்று கேட்டாள் நிரோஜினி.

“எல்லாந்தான். பந்து வரும்போது குதிகாலத் தூக்கி நிக்கிறது. கைய மூடாம வச்சிருக்கிறது. பெறகு அந்தக் கோடு.”

“என்ன கோடு?”

கோலி வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முதுகில் கண் கிடையாது. கம்பம் எங்கே இருக்கிறது, நடு எங்கே இருக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் பந்து உள்ளே போய்விடும். அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே பல கோலிகள் பூட்ஸ் குதியால் புல்லில் ஒரு கோடு கீறி வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அங்கும் இங்கும் நகர்வார்கள்.

“நீ இடது கம்பத்துல குதிய வச்சு, அடியோட அடி ஒட்டி நடப்ப,” என்றாள் டெல்பின். “பதிமூணு அடி. அங்க நின்னு குதியால ஒரு கோடு. நானும் அதையேதான் செய்யேன். பதிமூணு அடி, ஒரு கோடு. ஒரு ஆட்டம் விட்டது கெடயாது.”

நிரோஜினி மெல்லுவதை நிறுத்தினாள்.

மேசைக்கடியில் குனிந்தாள். தன் இடது காலை நீட்டி, டெல்பினின் இடது காலோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். இரண்டு செருப்பும் ஒரே நீளம்.

டெல்பின் தன் வலது காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

“ஒரே அளவு,” என்றாள் நிரோஜினி. சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்க போற? பதில் சொல்லிட்டுப் போ!”

“நாளைக்கு எங்கட பயிற்சி நாலு மணிக்கு முடியும். உங்கட நாலரைக்குத் தொடங்கும். இடையில மைதானம் சும்மா கிடக்கும். வாங்கோ.”

“இப்பவே சொன்னா என்னவாம்?”

“வாயால சொன்னால் விளங்காது அக்கா.”

போய்விட்டாள். செருப்பு அளவுக்கும் கோலுக்கும் என்ன சம்பந்தம் என்று டெல்பின் மண்டையைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொட்டி ஆறிப்போனது.

தங்கள் அணி மேசையிலிருந்து அவள் கோச் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவளோடு உனக்கு என்ன பேச்சு?”

“ஊர்ப் பேச்சு, மேடம்.”

“நாளை மறுநாள் அவர்களோடுதான் ஆட்டம். ஞாபகம் இருக்கிறதா?”

ஞாபகம் இல்லாமலா? அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. இரண்டு அணிக்கும் நான்கு நான்கு புள்ளி. டிரா ஆனால் போதும், கோல் கணக்கில் டெல்பினின் அணி மேலே போய்விடும். தோற்றால் தீவு அணி போகும். வலது பக்கம் இன்னும் ஒன்று உள்ளே போனால், அணியில் இருக்கிற இருபத்து மூன்று பேரும் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அடுத்த தகுதிச் சுற்று வரும்போது டெல்பினுக்கு முப்பத்தாறு வயது. அப்போது யார் கூப்பிடப் போகிறார்கள்?

மறுநாள் நாலு மணிக்கு டெல்பின் மைதானத்தில் இருந்தாள்.

தீவு அணிப் பெண்கள் பந்துகளை வலைப்பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நிரோஜினி மட்டும் கோலுக்குள் நின்றாள். மலைக்காற்று சில்லென்று அடித்தது.

“நடந்து காட்டுங்கோ,” என்றாள்.

டெல்பின் கோலுக்கு முதுகு காட்டி நின்று, தன் இடது கைப் பக்கத்துக் கம்பத்துக்குப் போனாள். கம்பத்தில் குதியை ஒட்டினாள். அடியோட அடி வைத்து நடந்தாள். பதிமூன்று வந்ததும் நின்று, குதியால் கீறினாள்.

“இந்தா. சரிதானே?”

“நல்ல வடிவாச் செய்யிறியள்.”

டெல்பினுக்கு உச்சி குளிர்ந்தது.

“இப்ப அங்கால போங்கோ,” என்றாள் நிரோஜினி.

“எங்க?”

“அந்தக் கம்பத்துக்கு. எண்ணிக்கொண்டு போங்கோ.”

“எதுக்கு? அதும் பதிமூணுதானே.”

“எண்ணிப் பாத்தனீங்களோ?”

“இல்ல.”

“நாலு வருசத்தில ஒருக்காலும்?”

டெல்பின் நினைத்துப் பார்த்தாள். எந்த வீடியோவிலும் நிரோஜினி வலது கம்பத்துக்குப் போனதே இல்லை. அதனால் இவளும் போனதில்லை. நடுக்கோடு என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும், இதற்கு எண்ணுவானேன்?

கோட்டிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று.

கம்பம் வரவில்லை.

பதினான்கு. பதினைந்து. அப்போதுதான் பூட்ஸ் முனை கம்பத்தில் முட்டியது.

“எம்மா மாதாவே,” என்றாள் டெல்பின்.

மறுபடி எண்ணினாள். மறுபடியும் பதினைந்துதான். நடு என்றால் பதினான்கில் இருக்க வேண்டும். கோடு ஒரு அடி இடப்பக்கம் தள்ளிக் கிடந்தது. ஒரு அடி வித்தியாசம் வெளியே நின்று பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் படாது. பந்துக்குப் படும்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏ பிள்ளே, நீ தப்பான எடத்துலயா நிக்க? இல்ல, பாத்துப் படிக்கவள எல்லாம் ஏமாத்துதியா?”

நிரோஜினி கையுறைகளைக் கழற்றிக் கீழே போட்டாள்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

வலது கை வானத்தைப் பார்த்து விறைப்பாக நின்றது. இடது கை தோள் உயரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தூக்கப் பார்த்தாள். முகம் சுருங்கிற்று. கை ஏறவில்லை.

டெல்பின் அந்தக் கையைப் பார்த்தாள். காலடியில் இருந்த கோட்டைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

“எப்போ இருந்து?”

“ஆறு வருசம். விழுந்து எழும்பினனான். பிறகு இவ்வளவுதான் ஏறும்.”

“ஆருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கும் எங்கட டொக்டருக்கும். இப்ப உங்களுக்கு.”

“அப்போ இது கோலோட நடு இல்ல.”

“இல்லை அக்கா. என்ர நடு.”

டெல்பின் புல்லில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். நாலு வருசம்! இன்னொருத்தியின் தோளுக்காகப் போட்ட கோட்டில் தன் நல்ல தோளை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

“நாளைக்கு நாம எதிரும் புதிருமா நிக்கப் போறோம்,” என்றாள். “இத ஏன் எனக்குக் காட்டின?”

“நீங்கள் கேட்டனீங்கள்.”

“கேட்டா காட்டிருவியா?”

“வேற ஒருத்தரும் கேக்கேல்லையே.”

பேருந்து ஹாரன் அடித்தது. நிரோஜினி கையுறைகளைப் பொறுக்கிக்கொண்டு நடந்தாள்.

“நில்லு!” என்று கத்தினாள் டெல்பின். “அப்போ என் நடு எங்க?”

நிரோஜினி திரும்பினாள். டெல்பினைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். கால் பக்கம் வந்ததும் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தாள்.

அப்படியே ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அணிக் கூட்டம். கோச் பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார்.

“டெல்பின், நீ அவர்கள் கோலியோடு பேசிப் பழகுகிறாய். ஏதாவது தெரியுமா? எந்தப் பக்கம் அடித்தால் விழும்?”

இருபத்து மூன்று ஜோடிக் கண்கள் அவளைப் பார்த்தன.

அந்தப் பெண் நம்பித்தான் கையைத் தூக்கிக் காட்டினாள். இந்த அறையில் இருக்கிறவர்களும் நம்பித்தான் இவளைத் தலைவி ஆக்கினார்கள். ஏழாம் நம்பர்க்காரி தன் கல்யாணத்தையே இந்தச் சுற்றுக்காகத் தள்ளிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

டெல்பின் சொல்லிவிட்டாள்.

“இடது தோள் ஏறாது.”

அறையில் விசில் பறந்தது. கோச் பலகையில் ஒரு பெரிய அம்புக்குறி போட்டார். ஏழாம் நம்பர் ஓடிவந்து டெல்பினின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

டெல்பினுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. போகட்டும்.

ஆட்ட நாள் காலையில் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒட்டுப் பட்டை கிழிகிற சத்தம் வெளியே கேட்காது.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு லீக் ஆட்டத்தில் அவளுக்கு வலது கணுக்கால் பிரண்டது. வீக்கம் வற்றியது. பலம் திரும்பவில்லை. வலது பக்கம் பாய வேண்டுமென்றால் வலது காலால்தான் உந்த வேண்டும். உந்தினால் கால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். அணி டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் ஸ்கேன் எடுப்பார், பட்டியலிலிருந்து பெயரை அடிப்பார். அதனால் தினமும் தாழ் போட்டு, குழாயைத் திறந்து, தானே கட்டிக்கொள்வாள். மேலே காலுறையை இழுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நாள்பட நாள்பட அவளுக்கே அது மறந்துபோன மாதிரி ஆகிவிட்டது. கோல் விழுந்தால் ‘நம்ம நேரம்’ என்பாள்.

ஆட்டம் தொடங்கும் முன் டெல்பின் கோலின் இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணினாள். இடமிருந்து பதினான்கு, வலமிருந்து பதினான்கு. நட்ட நடுவில் கோடு. இனி யார் தோளும் வேண்டாம், கம்பம் சொல்கிற கணக்குப் போதும் என்று நிமிர்ந்து நின்றாள்.

இருபதாவது நிமிடம் தீவு அணிக்காரி ஒருத்தி வலது பக்கம் தாழ்வாக அடித்தாள்.

டெல்பின் உந்தினாள். கால் யோசித்தது. பந்து விரலைத் தாண்டிப் போனது.

போய்க் கம்பத்தில் மோதி வெளியே தெறித்தது.

அரங்கம் முழுக்க ‘ஓ’ என்றது. டெல்பின் தரையில் கிடந்தபடி கோட்டைப் பார்த்தாள். நடுவில்தானே நின்றேன்? நட்ட நடுவில்தானே நின்றேன்?

அந்தப் பக்கம் அவள் அணி அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. எல்லாம் நிரோஜினியின் இடது பக்கம். ஏழாம் நம்பர் அடித்தாள். பந்து நிரோஜினியின் நெஞ்சுக்குப் போனது. பத்தாம் நம்பர் அடித்தாள். வயிற்றுக்குப் போனது. மறுபடி ஏழாம் நம்பர். இரண்டு கைக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

ஆறு, ஏழு முறை இப்படி. அந்தப் பெண் பாயவே இல்லை. ஏற்கெனவே அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

ஏழாம் நம்பர் தூரத்திலிருந்து டெல்பினைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள். எங்கே, நீ சொன்னது எங்கே என்று அதற்கு அர்த்தம்.

டெல்பினுக்கு முகம் சூடாகிப்போனது.

இடைவேளை விசில் அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். நிரோஜினி மட்டும் போகவில்லை. தன் கோலுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, குனிந்து, புல்லில் என்னமோ செய்துகொண்டிருந்தாள்.

டெல்பின் நின்று பார்த்தாள். ஜெபம் செய்கிறாளா? கழுத்துச் சங்கிலி விழுந்துவிட்டதா? இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. பதினைந்து நிமிட இடைவேளையும் அவளுக்கு அதே யோசனைதான். கோச் பேசியது காதில் விழவே இல்லை.

இரண்டாம் பாதியில் கோல் மாறும். நிரோஜினி நின்ற கோலுக்கு இவள் போக வேண்டும். டெல்பின் முதல் ஆளாக ஓடினாள். உண்மையைச் சொன்னால், அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் ஓடினாள். நாலு வருசம் போனில் மட்டும் பார்த்த கோடு.

அங்கே கோடு இல்லை.

கீறின இடத்தை நிரோஜினி மூடியிருந்தாள். புல்லைக் கையால் நீவி, மண்ணை அமுக்கி, தட்டிச் சமப்படுத்தியிருந்தாள். இரண்டு முழங்கால் பதிந்த அடையாளம் மட்டும் இருந்தது.

எந்தக் கோலியும் இப்படிச் செய்வதில்லை. கோட்டை விட்டுவிட்டுத்தான் போவார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

டெல்பின் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கோடியில் நிரோஜினி இடது கம்பத்தில் குதியை ஒட்டி எண்ணத் தொடங்கியிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விசிலை வாயில் வைக்கப் போகிறார்.

டெல்பின் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். காலுறைக்குள் கட்டு இறுக்கியது.

“அட என் மண்டையே,” என்றாள்.

வலது கம்பத்துக்கு ஓடினாள். அந்தக் கம்பத்தில் குதியை ஒட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நடந்து, பதிமூன்றில் நின்று, அழுத்தி ஒரு கோடு கீறினாள்.

விசில் அடித்தது.

இடது பக்கம் இப்போது இடம் கூடுதலாகக் கிடந்தது. கிடக்கட்டும். இடது கால் நல்ல கால்.

கோல் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது ஆட்டம். எண்பத்தெட்டாவது நிமிடம் தீவு அணிக்கு ஒரு ப்ரீ கிக் கிடைத்தது. மூன்று கோலும் எந்தப் பக்கம் போனது என்று அவர்களுக்கும் தெரியும். அவர்கள் வீடியோ பார்க்காதவர்களா?

பந்து வலது பக்கம்தான் வந்தது. தாழ்வாக, வேகமாக.

டெல்பின் உந்தினாள். கால் யோசித்தது. எப்போதும் யோசிக்கிற அதே ஒரு நொடிதான்.

ஆனால் இன்று அவள் ஒரு அடி பக்கத்தில் இருந்தாள்.

பந்து இரண்டு கைக்குள்ளும் வந்து மாட்டியது. நெஞ்சுக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டு, முகத்தைப் புல்லில் வைத்தபடி அவள் கிடந்தாள். எழுந்திருக்க மனசே வரவில்லை. தோழிகள் வந்து முதுகில் குத்தினார்கள்.

கடைசி விசில் அடித்தபோது கோல் யாருக்கும் இல்லை. டெல்பினின் அணி மேலே போய்விட்டது.

மைதானத்துக்குள் ஒரே கூத்து. கோச் தண்ணீர் பாட்டிலை எல்லோர் தலையிலும் கவிழ்த்தார். ஏழாம் நம்பர் கல்யாணத்தை இன்னும் ஒரு வருசம் தள்ளிப் போட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கட்டுப் பையோடு டாக்டரம்மா கூட உள்ளே ஓடிவந்து ஆடினார்.

அந்தக் கோடியில் நிரோஜினி கோலுக்குள் உட்கார்ந்திருந்தாள். கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கியது. இரண்டு தோளும்தான்.

டெல்பினுக்கு அங்கே போக வேண்டும் போல இருந்தது. கால் வரவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது?

நிரோஜினியே வந்தாள். ஆட்டம் முடிந்ததும் கோலிகள் தேடிப் போய்க் கைகொடுப்பது வழக்கம். டெல்பினின் கோல் வரைக்கும் மைதானம் முழுக்க நடந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“ஒன் தோளப் பத்தி எங்காளுககிட்ட சொல்லிட்டேன் பிள்ளே,” என்றாள் டெல்பின். கை கொடுக்கும் முன்பே சொல்லிவிட்டாள். “எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”

“தெரியும்.” நிரோஜினி கையைப் பிடித்தாள். “எல்லாப் பந்தும் என்ர கைக்கே வந்தது.”

“கோவம் இல்லியா?”

“வெளியில போறதுக்குக் கோவம் இருக்கு அக்கா. நல்லா இருக்கு. அது வேற.”

சொல்லிக்கொண்டே கீழே பார்த்தாள். புல்லில் டெல்பின் கீறிய கோடு அவள் கண்ணில் பட்டது.

நிரோஜினியின் அழுகை நின்றது. கையை விட்டுவிட்டு வலது கம்பத்துக்குப் போனாள். குதியை ஒட்டினாள். அடியோட அடி வைத்து எண்ணிக்கொண்டு வந்தாள். பதிமூன்றில் கோடு வந்தது. அங்கே நிற்காமல் இடது கம்பம் வரைக்கும் எண்ணினாள். பதினைந்து.

திரும்பி வந்து டெல்பினின் முன்னால் நின்றாள்.

“தோளோ, காலோ?”

டெல்பின் பக்கத்தில் பார்த்தாள். டாக்டரம்மா நாலு எட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“கால்,” என்றாள் டெல்பின், அவருக்கும் கேட்கும்படி, அவருக்குப் புரிகிற மொழியிலேயே.